மக்குப் பரீட்சை

என் தங்கையோடு சண்டை போடுவதைப் போல வீண் வேலை வேறு இல்லை. போன வருடம் நான் என்ன சொன்னேன், எந்தக் கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் வார்த்தை பிசகாமல் அவளிடம் இருக்கும். நான் கோபக்காரி. கோபத்தில் கத்துகிறவர்களுக்குக் கத்தியது எதுவும் நினைவில் நிற்காது. அவள் "நீ அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்ன" என்று ஆரம்பித்தால் எந்த வக்கீலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசியில் நான்தான் "ஆளை விடு தாயே" என்று கையெடுத்துக் கும்பிடுவேன்.

வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். உயரத்தில் என்னைத் தாண்டிப்போன பிறகும் பெயர் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலிடம். அதற்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவள் என்று நினைக்க வேண்டாம். ஒரு தரம் பார்த்தால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு நாள் சாவி வாங்க வந்தவள், சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்து மேலே போய், எல்லா எழுத்தையும் பின்னாலிருந்து முன்னாக ஒப்பித்தாள். நாற்காலியில் இருந்த பெரியவர், கண்ணாடி போட்டும் தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று பயந்துபோனார். அவரைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இந்த வருடம்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். கட்டடப் பொறியியல், முதல் ஆண்டு. நாங்கள் இருவரும் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். கீழே துணி உலர்த்தும் இயந்திரம் ஓடினால் எங்கள் தரை லேசாக அதிரும், குளிர்காலத்தில் இலவசமாகச் சூடும் வரும். ஜன்னலோரம் அவளுடைய டிராயிங் போர்டு. கதவுக்குப் பின்னால் அவளுடைய கோல் கீப்பர் கையுறைகள், காயப்போட்டபடி, நாறிக்கொண்டு. விடிவதற்கு முன்னால் பயிற்சிக்கு ஓடுவாள். ஈரத் தலையோடு வந்து ரொட்டியை நின்றுகொண்டே விழுங்குவாள். அப்புறம் கணித வகுப்பு, பட்டறையில் இரும்பை அரம் போட்டுத் தேய்க்கும் வகுப்பு, மதியம் வேதியியல் ஆய்வகம், சாயங்காலம் மறுபடியும் மைதானம். காலில் சக்கரம் கட்டிவிட்டது போல ஒரு வாழ்க்கை. எனக்குப் பார்த்தாலே மூச்சு வாங்கும். அவளுக்கு அதுவும் போதவில்லை.

பெண்கள் கால்பந்து அணியில் முதல் ஆண்டு மாணவியைக் கோல் காக்க நிறுத்தியது அங்கே இதுவரை நடக்காதது. அணியே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. குறிப்பாக கேப்டன். கடைசி ஆண்டு படிக்கிற, அதிகம் பேசாத, தோள் அகன்ற பெண். வாண்டு வாய்க்கு வாய் "கேப்டன் சொன்னாங்க" என்பாள். நான் சொல்வது காதில் ஏறாது, கேப்டன் சொன்னால் வேதவாக்கு.

அந்தக் கேப்டன் சொன்ன ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

ஆட்டப் பருவம் தொடங்கும் முன் விளையாட்டுத் துறையில் ஒவ்வொருவரையும் கணினி முன்னால் உட்காரவைத்து ஒரு பரீட்சை வைப்பார்கள். திரையில் சில சொற்கள் வரும், கொஞ்சம் பொறுத்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வடிவங்கள் வரும், ஏற்கெனவே பார்த்தது எது என்று காட்ட வேண்டும். நிறம் மாறினால் சட்டென்று பொத்தானை அழுத்த வேண்டும். நன்றாக இருக்கும்போது ஒருத்தியின் மூளை எப்படி ஓடுகிறது என்று குறித்து வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே மாதிரிப் பரீட்சை. பழைய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் ஆட முடியாது, பழைய நிலைக்கு வரும்வரை வெளியேதான். நல்ல ஏற்பாடு. யாரோ அக்கறையோடு யோசித்துச் செய்தது.

அதை அந்த அணி கெடுத்து வைத்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் காதில் ஓதிவிடுவார்கள்: முதல் நாள் மக்கு மாதிரி எழுது. அப்போதுதான் அடிபட்டு மந்தமாக இருந்தாலும் அந்த மதிப்பெண்ணைத் தொட்டுவிடலாம், பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. அவர்களுக்குள் அதற்கு மக்குப் பரீட்சை என்றே பெயர். தெரியாத்தனமாக நன்றாக எழுதிவிட்டு வருகிறவளைப் பருவம் முழுக்க "புரொபசர்" என்று கேலி செய்வார்களாம். கேப்டனுக்கு அவளுடைய கேப்டன் சொன்னது, அவளுக்கு அதற்கு முந்தையவள் சொன்னது. யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போடச் சொல்வது போலச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் வாண்டுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது மக்காக இருந்து பார்க்க ஒரு வாய்ப்பு. உள்ளே பாதிச் சொற்களைத் தப்பாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து அத்தனையையும் வரிசையாக ஒப்பித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாளாம்.

அந்த வாரத்துக்கு வருகிறேன். எல்லாமே அந்த வாரத்தில்தான் வந்து குவிந்தது. வியாழக்கிழமை கணிதத் தேர்வு, வெள்ளிக்கிழமை டிராயிங் தாள் கொடுக்க வேண்டும், சனிக்கிழமை இறுதிப் போட்டி. திங்கட்கிழமை சாயங்காலப் பயிற்சியில் தாழ்வாக வந்த பந்தின் மேல் பாய்ந்தாள். எதிரே ஓடிவந்த பெண்ணின் முழங்கால் காதுக்கு மேலே பட்டது. கொஞ்ச நேரம் புல்லில் கிடந்திருக்கிறாள். கேப்டன் வந்து "சரியா?" என்று கேட்க, "சரி" என்று எழுந்து மறுபடி நின்றுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைக்கச் சொன்னாள்.

"கண்ணு கூசுது. லைட்டை ஆஃப் பண்ணேன்."

"இருட்டுல எப்படிடி படிப்ப?"

"கொஞ்ச நேரம்தான். கீழ அந்த மிஷினையும் நிறுத்தச் சொல்லு, மண்டைக்குள்ள ஓடற மாதிரி இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. காதுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன், சின்ன வீக்கம். மறுநாளே, அணியில் காயங்களைக் கவனிக்கிற பிசியோ கூப்பிட்டுப் பரீட்சை வைத்துவிட்டார். பாஸ். போனில் எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்து நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன், கடையில் பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் காட்டினேன்.

ஆனால் கண் கூச்சம் போகவில்லை. புதன்கிழமை மதியம் அவளைக் கடைக்கு வரவழைத்து நானே கண்ணைப் பார்த்தேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை. கடைசி வரிசையைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, நிறுத்தி, மெதுவாக, எல்லாரையும் போல. சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது. அவள் அந்தப் பலகையைப் பார்த்துப் படித்து நான் அதுவரை கண்டதில்லை.

வியாழக்கிழமை காலையில் வெடித்துவிட்டேன். அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை. தலைவலி மாத்திரை அட்டை காலி.

"மேட்சும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"டெஸ்ட்தான் பாஸ் பண்ணிட்டேனே."

"டெஸ்ட் கிடக்குது. உன் மூஞ்சியப் பாரு."

"உன் கடைக்கு வர்றவங்களுக்கு நீ டெஸ்ட் வைக்கற. அதை நம்பித்தானே கண்ணாடி வாங்கறாங்க? உன் டெஸ்ட்னா நம்பணும், எங்க டெஸ்ட்னா கிடக்குதா?"

அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம், நம் கையாலேயே நம் கண்ணைக் குத்த வைப்பாள். நானும் விடவில்லை. அம்மாவிடம் சொல்கிறேன், கேப்டனிடமே வந்து கேட்கிறேன், கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சாவு என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் போனாள்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பிடித்த வாழைப்பழ கேக்கை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. நான்தான் மெல்ல ஆரம்பித்தேன்.

"காலைல கொஞ்சம் ஓவராக் கத்திட்டேன்டி."

"எப்ப?" என்றாள்.

நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகம் போய்ப் பெண்ணுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது என்று மனசு நிறைந்துபோய் கேக்கைத் தின்றேன்.

"பேப்பர் எப்படி?"

"எந்த பேப்பர்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கணம் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு "சும்மா சொன்னேன், பயந்துட்டியா?" என்று சிரித்தாள். அவள் இப்படிப் பல தடவை என்னை ஏமாற்றியிருக்கிறாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குளியலறைக் குழாய் வெகு நேரம் ஓடியது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து "நேத்து கேக் சேரல" என்று பூசி மெழுகினாள். அதே கேக்கைத் தின்ற நான் கல்லுக்குண்டு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பிறகு டிராயிங் தாளை முடிக்க உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவினாள். கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி பென்சிலைச் சீவினாள். கூர்மையாக இருந்த பென்சிலைத்தான் சீவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு படிக்கட்டை மூன்று பக்கமும் தெரியும்படி வரைய வேண்டுமாம். கோடுகள் சேர வேண்டிய மூலைகளில் சேரவில்லை. படிகள் அந்தரத்தில் நின்றன.

இனிமேல் முடியாது என்று, கடையிலிருந்து நானே விளையாட்டுத் துறைக்குப் போன் போட்டேன். பிசியோ எடுத்தார். மரியாதையான மனுஷர், குரலில் களைப்பு.

"உங்க கவலை புரியுதுங்க. நேத்தும் கூப்பிட்டு ஒரு தடவை பாத்துட்டேன். அவங்க சீசன் ஆரம்பத்துல எடுத்த மார்க் என்னவோ அதேதான் வருது. ஒரு புள்ளி குறையல."

"வாந்தி எடுத்தா சார். லைன் நேரா போட வரல."

"பரீட்சை, ஃபைனல் எல்லாம் ஒரே வாரம். பிள்ளைங்களுக்கு டென்ஷன் இருக்கும். குறைஞ்சிருந்தா நானே விடமாட்டேன். நம்பர் சரியா இருக்கறப்ப நான் என்னன்னு சொல்லி நிறுத்தறது?"

அவர் பொய் சொல்லவில்லை. கையில் இருந்ததைப் படித்தார். அன்று சாயங்காலம் அம்மா ஊரிலிருந்து பேசினாள். வாண்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். "அவளுக்கு என்னடி, குரல் தூங்கி வழியுது?" என்றாள் அம்மா. "எனக்கு என்னவோ சரியாப் படல. நாளைக்கு அவ பக்கத்துலயே இரு." எனக்குக் கடையில் மதியம் வரை வேலை, அது முடிந்ததும் மைதானத்துக்குப் போவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். கையுறைகளும் இல்லை.

கடையில் அன்று ஒரு லாரி டிரைவர் வந்தார். ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் சான்று வேண்டும். பலகையைக் காட்டுமுன்பே கடைசி வரிசையைக் கடகடவென்று சொன்னார். பலகையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினேன், முதல் வரிசையே தகராறு. யாரிடமோ கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னை ஏமாத்தறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே, எதுக்க வர்றவன் வீட்டுல பிள்ளைக்குட்டி இருக்கும்" என்று பிடிபிடியென்று பிடித்து அனுப்பினேன்.

இதையெல்லாம் ஒரு பெண் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாண்டுவின் அணியில் ஆடுகிறவள், லொடலொட என்று கூப்பிடுவார்கள். வாய் மூடாது. கணுக்கால் பிசகி ஊன்றுகோலோடு இருந்தாள், அதனால் அன்று ஆட்டத்தில் இல்லை. மைதானத்துக்குப் போகிற வழியில் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டு போக வந்திருந்தாள்.

"பாவம்க்கா அந்த மாமா, தப்பான ஐடியா பண்ணிட்டாரு" என்று சிரித்தாள். "பாஸ் பண்ணறதுக்கு மனப்பாடம் பண்ணா மாட்டிப்போம். நாங்கல்லாம் உல்டா. முதல்லயே கம்மியா போட்டு வச்சிட்டா எப்பவுமே பாஸ்தான்."

"என்னத்தைக் கம்மியா போடறது?"

சொன்னாள். மக்குப் பரீட்சை, புரொபசர், காதில் ஓதுவது, வாண்டு வெளியே வந்து ஒப்பித்துக் காட்டியது, எல்லாம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் அவளுடைய கண்ணாடியைப் பிடித்தபடி நின்றேன். திருகுப்புளி கையிலிருந்து விழுந்தது. என் தங்கை அந்த வாரம் முழுக்க, தான் வேண்டுமென்றே நடித்த ஒரு மக்கோடு போட்டி போட்டு, ஒவ்வொரு தடவையும் சமமாக வந்திருக்கிறாள்.

"அக்கா, என் கண்ணாடி" என்று அவள் கூப்பிட்டது பின்னால் கேட்டது. நான் தெருவில் இருந்தேன்.

கடை அங்கியோடு ஓடினேன். பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லை. போகிற வழியெல்லாம் போன் அடித்தேன், பிசியோ எடுக்கவில்லை, ஆட்டம் தொடங்கியிருக்கும். மைதானத்தின் வாசலில் நுழையும்போது பெரிய சத்தம் எழுந்தது. என் தங்கை கோலுக்கு முன்னால் கிடந்தாள். மிக அருகிலிருந்து அடித்த பந்தை நெற்றியால் தடுத்திருக்கிறாள். எழுந்தாள். கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. என் பக்கத்தில் ஒருவர், "என்னா புள்ளைய்யா, உசுரைக் குடுத்து ஆடுது" என்றார். அவள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்ந்து நிற்கிற மாதிரி இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற மாதிரி.

பிசியோவைப் பிடித்துச் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை விசில் ஊதிவிட்டது. அவர் முகம் வெளுத்தது. நேரே கேப்டனையும் வாண்டுவையும் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப்போனார். ஐஸ் பெட்டி, கட்டுத்துணி, ஒரு பெஞ்சு. நானும் நுழைந்தேன். வாண்டு என்னைப் பார்த்ததும் கொதித்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்த?"

பிசியோ கேப்டனைக் கேட்டார். "முதல் டெஸ்ட்ல எல்லாரும் வேணும்னே கம்மியா போட்டீங்களா?"

கேப்டன் தரையைப் பார்த்தாள். இது வெளியே வந்தால் அணியே தடை செய்யப்படும், அந்தக் கோப்பையும் போகும், அது அவளுக்குக் கடைசி ஆட்டம். "அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

"நீ சொல்லும்மா."

"அக்காவுக்கு எப்பவும் பயம் சார்" என்றாள் வாண்டு. "நான் அப்பவும் இவ்ளோதான் எடுத்தேன்."

"இவ்ளோதானா? நீயா?" என்று நான் கத்தினேன். "நீங்களே சொல்லுங்க சார், இவ ஸ்கூல் மார்க்கை வாங்கிப் பாருங்க, என் அம்மாவைக் கேளுங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தன்னிடம் இருந்த ஒரே வழிக்குப் போனார். கைக்கணினியை எடுத்து அங்கேயே மறுபடி பரீட்சை வைத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, முழு மூச்சாகச் செய்தாள். அந்தப் பாடுபடுதலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் அறிந்த வாண்டு எதற்கும் பாடுபட்டதில்லை. முடிந்ததும் பிசியோ திரையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார்.

"அதே மார்க்" என்றார் மெதுவாக.

கேப்டன் மூச்சு விட்டது கேட்டது. வெளியே யாரோ கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். பிசியோ என்னைப் பார்க்காமல், போகலாம் என்று தலையை ஆட்டினார். வாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கையுறையை மாட்ட ஆரம்பித்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என்னை இழுத்துத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றேன்.

கையுறைப் பட்டையை இறுக்கிவிட்டு அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! எப்ப வந்த? கடைக்கு லீவு போட்டியா?" என்றாள். பிறகு கேப்டனிடம் திரும்பி, "மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

வெளியே கூட்டம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கேப்டன் அவள் முன்னால் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். பட்டையைப் பிரித்து, ஒரு கையுறையைக் கழற்றினாள், பிறகு மற்றதை.

"எல்லாரும்தான் சார் கம்மியா போட்டோம்" என்றாள். "நான்தான் இவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பெரிய பெண், குழந்தை மாதிரி அழுதாள். "ஏன் கேப்டன் அழறாங்க?" என்று வாண்டு என்னைக் கேட்டாள்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்ச் எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வருமுன்பே கேட்பதை நிறுத்திவிட்டாள், கை மட்டும் என் கைக்குள் தளர்ந்து கிடந்தது.

மண்டைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்ததாம். திங்கட்கிழமையே தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். இப்போது எழுந்து உட்காருகிறாள், எங்களை அடையாளம் தெரிகிறது, சிரிக்கிறாள். காலையில் யார் வந்து போனார்கள் என்று மத்தியானம் கேட்டால் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவளுக்கு உறுத்தவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

போன வாரம் நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள், டாக்டர். பல்கலைக்கழகத்திலிருந்து அவளுடைய முதல் பரீட்சையின் மதிப்பெண் உங்களுக்கு வந்திருந்தது. "இதோட ஒப்பிட்டா அவங்க கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றீர்கள். நல்ல செய்தி சொல்கிற முகம் உங்களுக்கு. நான் மேசையில் தட்டிக் கத்தினேன், நர்ஸ் ஓடிவந்தார். அது அவள் இல்லை, அவள் வேறு என்றேன். அப்படியானால் அடிபடுவதற்கு முன் எப்படி இருந்தாள் என்று எழுதிக் கொடுங்கள், எவ்வளவு தூரம் அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அரைப் பக்கம் போதும் என்றீர்கள்.

எனக்கு அரைப் பக்கத்தில் நிறுத்தத் தெரியவில்லை. அவளை அளந்து வைத்தது வேறெங்கும் கிடையாது, என்னிடமும் அம்மாவிடமும்தான் இருக்கிறது. அவள் இப்படித்தான் இருந்தாள். இதற்கு ஒரு வார்த்தை குறைவாக வந்து நின்றாலும் சரியாகிவிட்டது என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.